எண்பத்து நான்கு வெள்ளி

ஊபி, ஏழாம் மாடி. வெளியே மழை.
என் மேசைமேல் மூன்று கறுப்புப் பெட்டிகள்.
தெரன்ஸ் கோ விட்டுப்போன மாதிரிகள்.
"ஒரே ஒயர்தான் மேடம், எல்லாம் அதுக்குள்ளேயே" என்றார்,
பெண்ணின் புகைப்படம் காட்டும் கல்யாணத் தரகர்போல்.

முதலாவது மலிவு.
லேப்டாப்பைச் செருகினால் ஒரு திரை விழிக்கும்,
மற்றது கறுத்தே கிடக்கும்.

இரண்டாவதில் இரண்டு திரையும் வருகின்றன,
ஆனால் கொடுக்கும் மின்சாரம் அறுபது வாட்தான்.
புவே லெங்கின் கனத்த கணினியில்
வருடக் கணக்கைத் திறந்ததும்
செருகியபடியே சார்ஜ் இறங்கியது.
சாப்பிடச் சாப்பிட இளைப்பதை
அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாவது, இருநூற்றுப் பத்து வெள்ளி.
நூறு வாட். லேன் முனை ஆடாமல் பிடிக்கிறது.
ஜொவிலின் கேட்ட ஹெட்போன் துளை
முன்பக்கமே இருக்கிறது.
கேபிள் மட்டும் குட்டை:
ரோஸ்லானின் லேப்டாப்பில் வாய் இடப்பக்கம்,
இரண்டு விரற்கடை எட்டவில்லை.
"நீளக் கேபிள் தனியா வாங்கணும்" என்று
அவர் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டேன்.

இனி யாருக்கும் சொந்த மேசை இல்லை.
காலையில் முதலில் வந்தவருக்கு ஜன்னல்.
இழுப்பறைகள் போய்விட்டன. அவற்றோடு
புவே லெங்கின் பிஸ்கட் டின்னும்.

தமிழில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு.
கணக்குத் துறை, சரக்குத் துறை,
கப்பல் வந்து கட்டும் துறை,
எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.
இதைச் சொல்லிச் சிரிக்க இந்த மாடியில் ஆளில்லை.
ரோஸ்லானுக்கு ஒருமுறை விளக்கினேன்.
யோசித்துவிட்டு, "அப்ப நான் தொங்கான்" என்றார்,
வயிற்றைத் தடவிக்கொண்டு.

மூன்று மணி பத்துக்கு நிதியிலிருந்து அஞ்சல்.
நாற்பத்திரண்டை முப்பத்தாறாக்கவும்.
புதிய விலைப்புள்ளி அனுப்பவும்.
அவ்வளவுதான்.

தெரன்ஸை அழைத்தேன்.
"நாற்பதுக்குக் கீழே போனா கழிவு கிடையாது மேடம்."
கால்குலேட்டரைத் தட்டினேன்.
கழிவோடு நூற்று எண்பத்திரண்டு, நாற்பத்திரண்டு பெட்டி:
ஏழாயிரத்து அறுநூற்று நாற்பத்து நான்கு.
கழிவில்லாமல் முப்பத்தாறு:
ஏழாயிரத்து ஐந்நூற்று அறுபது.

எண்பத்து நான்கு வெள்ளி வித்தியாசம்.
ஆறு பெட்டிகள் ஏறக்குறைய இனாம்.
இப்படி ஒரு வாதம் எனக்கு வாய்ப்பது அபூர்வம்.
அட்டவணை போட்டு, தடித்த எழுத்தில் கூட்டுத்தொகை போட்டு,
சாமர்த்தியசாலியாக அனுப்பினேன்.

பதில் கோப்பி ஓ ஆறுவதற்குள் வந்தது.
"தெரியும். முப்பத்தாறு."

தெரியும் என்ற சொல்லை
அதற்குப் பிறகு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பட்டியலில் நாற்பத்திரண்டு வரிசை.
திரை எத்தனை, வாட் எத்தனை, வாய் எந்தப் பக்கம்.
இவர்கள் கழுத்துவலியை நான் அறிவேன்,
யார் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார் என்றும்.
எந்த ஆறு என்று மட்டும் தெரியாது.
ஆர்டர் படிவம் பெயர் கேட்பதில்லை.
அதற்கு அளவு போதும், நிறம் போதும்.

நிறம்: கறுப்பு.
அளவு என்ற கட்டத்தில்
நான்கை அழித்தேன், இரண்டை அழித்தேன்.
கட்டம் சிறிது நேரம் வெறுமையாக மினுக்கியது.
மேலே ஒரு வரிசை சேர்த்தேன்:
கேபிள், இரண்டு மீட்டர், ஒன்று.
பதினெட்டு வெள்ளி.
அதை யாரும் கேட்கவில்லை.

ஆறரைக்கு மின்தூக்கியில் ரோஸ்லான்.
குடை நனைந்து காலடியில் சொட்டியது.
"என் ஒயரு?" என்றார்.
"எழுதிட்டேன்" என்றேன்.
"நீளமா?"
"நீளம்தான்."
ஐந்து, நான்கு, மூன்று என்று
எண்கள் இறங்குவதை
இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.